அடுத்த ஆண்டுக்கென்று விட்டு வைக்கலாமா?



ஏப்ரல், மே மாதங்கள் வந்துவிட்டால் ஆசிரியர் அறையில் வருமான வரிப் பேச்சுதான் ஓங்கி ஒலிக்கும். "எனக்கு எழுநூறு வெள்ளி திரும்பக் கிடைக்கும்" என்பார் ஒருவர். "எனக்கு ஆயிரத்து இருநூறு" என்பார் மற்றொருவர். மூலையில் அமர்ந்திருக்கும் மூன்றாமவரோ, "எனக்கும் ஏதோ மிச்சம் காட்டுகிறது. அது கிடக்கட்டும், அடுத்த ஆண்டு வரியில் கழித்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விடுவார். அந்த மூன்றாமவருக்காகவே இக்கட்டுரை. பெற்றோர்களிலும் மூன்றாமவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர், தாம் கூடுதலாகக் கட்டிய வரியை 'அடுத்த ஆண்டுக்கு' என்று விட்டு வைப்பது பெருந்தன்மையும் அன்று; சேமிப்பும் அன்று. அவர் நினைக்கிற அந்த 'அடுத்த ஆண்டு' பெரும்பாலும் வருவதே இல்லை. ஏன் என்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் மாதாந்திர வரிப் பிடித்தம் நடைமுறையில் இருக்கிறது. மலாயில் 'பொத்தோங்கான் சுக்காய் புலானான்', பேச்சுவழக்கில் பி.சி.பி. முதலாளி நம் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்பிவிடுவார். அரசு ஊழியர்களாகிய ஆசிரியர்களுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் பெற்றோர்களுக்கும் ஒரே ஏற்பாடுதான். அரசு ஊழியர் ஊதிய முறை மாற்றத்தால் 2024 திசம்பரிலும் 2026 சனவரியிலும் ஆசிரியர்களின் சம்பளம் உயர்ந்தது. பிடித்தமும் கூடவே உயர்ந்தது.

பி.சி.பி. என்பது வரி அன்று. வரியைப் பற்றிய ஊகம். உங்கள் சம்பளம் எவ்வளவு, மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு போகிறது என்பவை அந்த ஊகத்துக்குத் தெரியும். உங்கள் தாயாருக்குச் சிறுநீரகச் சிகிச்சை நடப்பது தெரியாது. பிள்ளைக்கு வாங்கிய புத்தகமும் கணினியும் தெரியா. கடைக்குட்டியைப் பாலர் பள்ளியில் சேர்த்தது தெரியாது. அறவாரியத்துக்குக் கொடுத்த நன்கொடையும் தெரியாது. இவற்றையெல்லாம் ஆண்டு முடிந்தபின் நாமே படிவத்தில் எழுதினால்தான் உண்டு. 2004ஆம் ஆண்டு முதல் தனியாருக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. முன்பு வாரியத்து அதிகாரி கணக்கிட்டு மதிப்பீட்டுக் கடிதம் அனுப்புவார். இப்போது நாம் அனுப்பும் படிவமே மதிப்பீடு. நாம் எழுத மறந்த விலக்கை எவரும் தேடிவந்து எழுதப் போவதில்லை.

கரும்பலகையில் கணக்குப் போடும் பழக்கம் என்னை விடுவதாய் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

தொழிற்சாலைத் தொழில்நுட்பர் ஒருவர். மாதச் சம்பளம் 5,000 வெள்ளி, ஆண்டுக்கு 60,000. பதினெட்டு வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள். மனைவியும் வேலை செய்து தனியே படிவம் அனுப்புகிறார். பிள்ளைகளுக்கான விலக்கைக் கணவர் எடுத்துக்கொள்கிறார். தனிநபர் விலக்கு 9,000, சேமநிதிக்கு 4,000, பிள்ளைகளுக்கு 4,000. ஆக, வரிக்குரிய வருமானம் 43,000. முதல் 35,000க்கு வரி 600 வெள்ளி. மீதி 8,000க்கு 6 விழுக்காடு, 480 வெள்ளி. மொத்தம் 1,080. மாதம் 90 வெள்ளி பிடிப்பார்கள்.

இப்போது அவருடைய பற்றுச்சீட்டுப் பையைத் திறப்போம். பெற்றோரின் மருத்துவச் செலவு 3,000 வெள்ளி. புத்தகம், கணினி, இணையக் கட்டணம் முதலிய வாழ்க்கைமுறைச் செலவு 2,500. ஆயுள் காப்புறுதி 2,500. கூட்டினால் 8,000. வரிக்குரிய வருமானம் 35,000 ஆகிவிடுகிறது, வரி 600. அதோடு, வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி வரிக்கழிவும் உண்டு. ஆக, அவர் கட்ட வேண்டியது வெறும் 200 வெள்ளி! கட்டியதோ 1,080. கூடுதலாகப் போனது 880 வெள்ளி.

(இடையில் ஒரு சொல். அந்த 35,000 என்னும் கோடு மிகக் கண்டிப்பானது. ஐம்பது வெள்ளிப் புத்தகச் சீட்டு ஒன்றைத் தொலைத்தவர், அதனால் கோட்டைத் தாண்டிவிட்டால், 400 வெள்ளிக் கழிவையும் சேர்த்தே தொலைக்கிறார். சீட்டுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடத்து அட்டைக் கோப்பு ஒன்று போதும்.)

சரி, அந்த 880 வெள்ளி என்னவாகும்? வங்கிக் கணக்கு விவரம் சரியாக இருந்தால் வாரியமே அதில் சேர்த்துவிடும். மின்னியல் வழி அனுப்பிய படிவத்துக்கு 30 வேலை நாள் என்பது வாரியம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட காலவரம்பு. பெரும்பாலோருக்கு இப்படித்தான் முடிகிறது. பிறகு யாருடைய பணம் தங்குகிறது?

இந்த வட்டாரத்தில் நான் கண்ட முதற்காரணம், மாறிப்போன வங்கிக் கணக்கு. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் மிகுதி. புதிய தொழிற்சாலை வேறொரு வங்கியில் சம்பளக் கணக்குத் திறக்கச் சொல்லும். பழைய கணக்கு பத்து வெள்ளியோடு உறங்கி, ஒருநாள் மூடப்பட்டுவிடும். வரிப் படிவத்திலோ அந்தப் பழைய எண்ணே நிற்கும். அடுத்த காரணம் முகவரி. ஆவணங்களைக் காட்டச் சொல்லி வந்த கடிதம், மூன்றாண்டுக்கு முன் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் அஞ்சற்பெட்டியில் கிடக்கும். பழைய ஆண்டில் வரிப்பாக்கி இருந்தாலும் மிகையை அதில் கழித்துக்கொள்வார்கள், அது முறையானதே. இவை எவையும் இல்லாமல், "போகட்டும்" என்ற மனநிலையால் தங்குவதும் உண்டு.

தங்கினால் என்ன, அடுத்த ஆண்டு வரியில் கழியாதா? இங்கேதான் சிக்கல். சனவரியில் உங்கள் சம்பளத்தில் அதே 90 வெள்ளி மறுபடியும் பிடிக்கப்படும். உங்கள் வரிப் பேரேட்டில் 880 வெள்ளி கிடப்பது சம்பளப் பிரிவில் இருக்கிறவருக்குத் தெரியாது. அவர் கணினியில் தட்டுவது இவ்வாண்டுச் சம்பளத்துக்கான கணக்கு. சென்ற ஆண்டு மிச்சத்துக்கு அதில் இடமில்லை. ஆண்டு முடியும்போது மீண்டும் 880 மிகும். இரண்டாம் ஆண்டு 1,760. மூன்றாம் ஆண்டு 2,640. கழிப்பதற்கு வரி நிலுவை இருந்தால் அல்லவா கழியும்? மாதந்தோறும் முன்கூட்டியே கட்டிவிடுகிறவருக்கு நிலுவை ஏது!

சொந்தத் தொழில் செய்கிறவரின் நிலை வேறு. அவர் சி.பி. 500 என்னும் அறிவிப்பின்படி மார்ச் தொடங்கி ஈரு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு தவணைகளில் வரி கட்டுகிறார். தவணை அவர் கையிலிருந்து போவதால், சென்ற ஆண்டு மிகையை இவ்வாண்டு வரிக்கு ஈடுசெய்வது அவருக்குப் பயனுள்ளது. வருமானம் குறைந்தால் சி.பி. 502 படிவத்தைச் சூன் 30க்குள் கொடுத்துத் தவணையைக் குறைக்கவும் கேட்கலாம். சாலையோரத்தில் உணவுக்கடை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பொருந்துகிற இந்த வழியைச் சம்பளக்காரர் தமக்கும் பொருந்துவதாக எண்ணிக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர்.

அமெரிக்காவில் மிகையை அடுத்த ஆண்டு வரிக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்க 1040 படிவத்திலேயே ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு தொகை என்று வரி செலுத்துபவர் தம் கையால் எழுத வேண்டும். கெடு கடந்தபின் அந்த முடிவைப் பொதுவாக மாற்ற முடியாது. ஆகவே அங்குள்ளவர்கள் யோசித்து எழுதுகிறார்கள். நம்மவர்களோ, எவரும் கேட்காமலேயே, யோசிக்காமலேயே அந்த முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு என ஒன்று இல்லாதவர்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் நடுவே பணி ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவர். அவருடைய பிடித்தம், ஆண்டு முழுதும் சம்பளம் வரும் என்ற ஊகத்தில் நடந்திருக்கும். ஓய்வூதியத்துக்கோ வரி இல்லை. வேறு வருமானம் இல்லாவிட்டால், கழித்துக்கொள்ள அவருக்கு இனி வரியே வராது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவரும் இப்படித்தான். மின்னணுத் தொழில் சரியும் ஒவ்வொரு முறையும் இந்த வட்டாரத்தில் சில குடும்பங்கள் தள்ளாடுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டுத் தவணைக்குத் திண்டாடுகிறவரின் ஆயிரம் வெள்ளி பேரேட்டில் உறங்குகிறது என்றால், அது எவ்வளவு வேதனை!

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தாயார், கணவர் இறந்த சில மாதங்களில், ஒரு நெகிழிக் கோப்போடு பள்ளிக்கு வந்தார். கணவரின் வரிப் பேரேட்டில் ஈராண்டு மிகை, இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக, நின்றுபோயிருந்தது. அவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கும் முடங்கிவிட்டது. இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் உரிமைக் கடிதம் பெற்று, அவர் சார்பில் இறுதிப் படிவம் அனுப்பி, பணம் கைக்கு வரப் பல மாதம் ஆயிற்று. "அவர் இருக்கும்போதே கேட்டிருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்குமே ஐயா" என்றார் அந்த அம்மா. நான் என்ன மறுமொழி சொல்வேன்?

இது தனிமனிதர் கவலை மட்டும் அன்று. 2018இல் ஆட்சி மாறியபின் நாடே இதைப் பேசியது. அதுவரை பத்தாண்டு பினாங்கின் முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங் அப்போது நிதியமைச்சர். 2018 நவம்பர் 2ஆம் நாள் அவர் 2019ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது, வருமான வரியிலும் பொருள் சேவை வரியிலும் திருப்பித் தரவேண்டிய பாக்கியைத் தீர்க்க 37 பில்லியன் ரிங்கிட் தேவை என்று அறிவித்தார். அதற்காகப் பெட்ரோனாசிடமிருந்து 30 பில்லியன் ரிங்கிட் சிறப்பு ஈவுத்தொகை பெறப்பட்டது. மக்களும் நிறுவனங்களும் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர எண்ணெய்க் கிணற்றை நாட வேண்டியதாயிற்று! வசூலான பணம் பொது வருவாயில் கலந்துவிட, திருப்பித் தருவதற்கான கணக்கில் போதிய தொகை வைக்கப்படவில்லை என்பதே அன்றைய விவாதத்தின் மையம். எந்தக் கட்சியைச் சாடவும் இதை நான் எழுதவில்லை. நாம் கேட்காமல் விடும் பணம் எங்கோ ஒரு பெட்டியில் நம் பெயர் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தாமதத்துக்கு ஈடு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2013 மதிப்பீட்டு ஆண்டு முதல் 2 விழுக்காடு ஈட்டுத்தொகை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். மின்னியல் வழியென்றால் அக்கெடுவிலிருந்து 90 நாள் கடந்த பிறகே அது தொடங்கும். நம் 880 வெள்ளி அதற்குமேல் ஓராண்டு முழுதும் தாமதமானால் கிடைப்பது 17 வெள்ளி 60 காசு. அதே 880 வெள்ளியை நாம் கட்டாமல் கெடுவைத் தாண்டினாலோ, மறுநாளே 10 விழுக்காடு, 88 வெள்ளி கூடிவிடும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் திருப்பித் தரும் தொகைக்கு மாதத்துக்கு அரை விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி வகுத்தது. அங்கேயும் நிபந்தனைகள் உண்டு. ஆயினும் 6 எங்கே, 2 எங்கே? மாணவன் தாமதமாக வந்தால் பிரம்பும், ஆசிரியர் தாமதமாக வந்தால் புன்சிரிப்பும் என்று ஒரு பள்ளி நடக்குமானால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? இவ்விரு விழுக்காடுகளும் ஒன்றையொன்று நெருங்கி வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொழிற்சங்கங்கள் எடுத்துப் பேச வேண்டிய செய்தி இது.

"அது கட்டாயச் சேமிப்புதானே, மொத்தமாகக் கைக்கு வந்தால் பள்ளிச் செலவுக்கு ஆகுமே" என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. ஒரு பகுதி உண்மைதான். கையிலிருந்தால் கரைந்துவிடும் என்ற அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் சேமிப்பதே நோக்கமென்றால் பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கில் போடலாமே! அதற்கு ஈவும் உண்டு, தனியே வரிவிலக்கும் உண்டு. ஊழியர் சேமநிதியில் சுயமாகப் போட்டாலும் ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவுக்கு வழக்கமான கணக்கில் உத்தரவாதம் இருக்கிறது. வரிப் பேரேட்டிலோ கெடு தவறும்வரை ஒரு காசும் வளராது.

"திரும்பக் கேட்டால் கணக்காய்வு செய்வார்கள்" என்பது இன்னோர் அச்சம். செய்யலாம். சீட்டுகளைக் கேட்கவும் கேட்பார்கள். சீட்டு இருக்கிறவருக்கு அதில் என்ன அச்சம்? சீட்டில்லாமல் எழுதியவர் அஞ்சட்டும்.

நோயை வேரிலேயே தடுக்கவும் வழியுண்டு. அதைத்தான் ஆசிரியர்கள்கூடப் பயன்படுத்துவதில்லை. டி.பி. 1 என்றொரு படிவம். ஆண்டின் இடையிலேயே, இன்னின்ன விலக்குகள் எனக்கு உண்டு என்று எழுதிச் சம்பளப் பிரிவிடம் கொடுத்தால், முதலாளி ஏற்றுக்கொண்டபின் அந்த மாதம் முதலே பிடித்தம் குறையும். நம் தொழில்நுட்பர் இதைச் செய்திருந்தால் ஆண்டுக்கு 200 வெள்ளியோடு முடிந்திருக்கும். ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர் டி.பி. 3 படிவத்தில் பழைய இடத்துச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் எழுதிப் புதிய முதலாளியிடம் தரவேண்டும். இல்லாவிட்டால் புதிய இடத்து ஊகம் தவறாகிவிடும். சென்ற ஆண்டுகளில் எழுத மறந்த விலக்குக்கும் கதவு அடைபடவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 131ஆம் பிரிவு, தவறு திருத்தக் கோரி ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க இடமளிக்கிறது.

மிகை நிற்கிறதா என்று பார்ப்பதும் எளிது. மைடேக்ஸ் தளத்தில் நுழைந்து 'இ-லேஜர்' பகுதியைத் திறந்தால் ஆண்டுவாரியாகத் தெரியும். அங்கேயே வங்கிக் கணக்கு எண்ணையும் முகவரியையும் சரிபார்த்துக்கொள்ளலாம். எண் உங்கள் பெயரிலுள்ள கணக்காக இருக்க வேண்டும். மைத்துனர் கணக்கெல்லாம் ஆகாது. பணம் வரவில்லையென்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, எந்த மதிப்பீட்டு ஆண்டு, எவ்வளவு என்று குறிப்பிட்டு எழுத்து வழியாகக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டதற்குச் சான்று இராது.

ஓர் எச்சரிக்கை. "உங்களுக்கு வரிப்பணம் திரும்ப வருகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைத் தொடவே தொடாதீர்கள். அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் கேட்டால் அது திருடன் வேலை. வரிப் படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்று தொகையில் பங்கு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத பெற்றோரே அவர்களிடம் அகப்படுகிறார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி தன் தந்தையின் வரிப் படிவத்தை மொழிபெயர்த்துச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவளுடைய மலாய் நன்றாகவே இருந்தது. ஆயினும் தந்தையின் சம்பளக் கணக்கு ஒரு பத்து பதினோரு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய பாரமா?

ஆதலால் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் கூடுகிறோம். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, பள்ளியின் கணினி அறையைத் திறந்து, படிவம் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் அமர்ந்தால் போதும். பி.இ. படிவத்துக்குக் கெடு ஏப்ரல் 30. மின்னியல் வழி அனுப்புவோருக்கு வழக்கமாக மே 15 வரை அவகாசம் கிடைக்கிறது என்றாலும், கடைசி வாரத்தில் தளம் தள்ளாடும். முன்னதாகவே முடிப்பது நல்லது. வருகிறவர்கள் இ.ஏ. படிவமோ அரசு ஊழியரின் இ.சி. படிவமோ எடுத்து வரட்டும். கூடவே சம்பளச் சீட்டு, பற்றுச்சீட்டுக் கோப்பு, இப்போது பயன்படுத்தும் வங்கிக் கணக்கின் எண்.

பாயான் பாருவில் அப்படியோர் அமர்வு நடந்தால் நானும் வருகிறேன். விசைப்பலகையில் நீங்கள்தான் தட்ட வேண்டும். நான் அருகில் நின்று சொல்வேன். கடவுச்சொல்லை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும்தான்.